சேந்து கிணற்றை மூடுவதற்கு முன் மாலத்தீவைக் கொஞ்சம் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊராட்சியின் கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கும் ஊர்ச் சேந்து கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு, அந்த இடத்தில் நிழற்கூடம் கட்டவேண்டுமாம். வீட்டுக்கு வீடு குழாய் வந்தாகிவிட்டது, இனிமேல் கிணறு எதற்கு என்பதுதான் காரணம். கூட்டம் நடந்தது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று. அந்தப் பொருத்தம் யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. நான் எழுந்து வேண்டாம் என்றேன். "அண்ணா, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? ஆத்துத் தண்ணி அடுப்படிக்கே வந்துருச்சுங்க" என்று ஒரு தம்பி சிரித்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, வந்துதான் இருக்கிறது. கடைசியில் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அங்கே மைக்கில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் நான் ஆர்.ஓ. பிளான்ட் ஆபரேட்டர், அதாவது தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கும் மெஷினை ஓட்டுகிறவன். திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில் வேலையில் இருந்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதன்மேல் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவு நியாயமாகத்தான் படும், எனக்கும் அப்படித்தான். ஆனால் சம்பளம் நின்றது நின்றதுதானே. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பிளான்ட் வேலைக்கு மாலத்தீவு போனேன். சில வருஷம் அங்கே இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

மாலத்தீவு என்றால் நம்மூர்ப் பத்திரிகைகளில் நீலக் கடலும், தண்ணீருக்கு மேலே கட்டிய ஓட்டல் அறையும், போய்வந்த நடிகர் நடிகைகளும்தான். அது தனித் தீவு, தனி உலகம். ஓட்டல் இருக்கும் தீவில் ஓட்டல்காரரே பிளான்ட் போட்டுக்கொள்வார். நான் சொல்ல வருவது ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளைப் பற்றி. மொத்தம் 1,190 தீவுக்கு மேல் இருக்கிறது. அதில் ஊர் என்று இருப்பது இருநூற்றுக்கும் குறைவு. தரை கடல் மட்டத்திலிருந்து சராசரி ஒன்றரை மீட்டர்தான் உயரம். ஆறு கிடையாது, மலை கிடையாது, அணை கட்டுவதற்கு இடமும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர், வாயில் வைக்க முடியாது.

பிறகு இத்தனை நூற்றாண்டு எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால், மழைதான். பெய்த மழை பவள மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல் தண்ணீருக்கு மேலே ஒரு நல்ல தண்ணீர்ப் படலமாக நிற்கும். உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு, அவ்வளவுதான் விஷயம். அங்கே வீட்டுக் கிணறு நம் கிணறு மாதிரி பாறையை வெட்டி இறக்கியது இல்லை. இடுப்பளவு, ஆளளவு குழிதான். நீளக் கம்பு ஒன்றின் நுனியில் ஒரு டின்னைக் கட்டி, குனிந்து மொண்டு ஊற்றுவார்கள். கயிறும் வேண்டாம், ராட்டும் வேண்டாம். முதல் தடவை பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. நூறடி தோண்டியும் ஈரம் பார்க்காத கிணறுகள் எங்கள் பக்கம் எத்தனையோ!

அந்தப் படலம் மெல்லியது. மோட்டார் வைத்து இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஜனம் பெருகப் பெருகக் கழிவறைக் குழிகளின் கசிவும் அதிலேயே கலந்தது. தலைநகர் மாலே சின்னத் தீவு, அதற்குள் நெருக்கமான ஜனம். 1978-இல் அங்கே காலரா பரவியது. 1980-களின் கடைசியில் கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல மாலே முழுக்க அந்தக் குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பும்படி ஆயிற்று. மற்றத் தீவுகளை 2004 டிசம்பர் 26 சுனாமி பிடித்துக்கொண்டது. கடல் ஊருக்குள் ஏறிப் போனதில் பல தீவுகளில் கிணறும் மண்ணும் உப்பாகிவிட்டன. அதற்குப் பிறகு வெளிநாட்டு உதவிகளில் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டிகள் வந்தன, பெரும்பாலும் 2,500 லிட்டர். பள்ளிக்கூடம், மசூதி பக்கத்தில் ஊருக்குப் பொதுவான பெரிய தொட்டிகள். சில தீவுகளுக்குச் சின்ன ஆர்.ஓ. மெஷின்களும் வந்தன.

அப்படி ஒரு மெஷினோடுதான் எனக்கு வேலை. வடக்கே, லட்சத்தீவின் மினிக்காய்க்குத் தெற்கே இருக்கும் பகுதி. தீவின் பெயர் வேண்டாம்.

வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மற்றது புரியும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வரை உப்பு, எங்கள் மீட்டர் கணக்கில் 35,000 டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்). அதை மெம்பரேன் என்ற சவ்வு வழியாகத் தள்ளுவதற்கு ஏறக்குறைய 60 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் அடிக்கிற காற்றைப் போல ஏழெட்டு மடங்கு. அத்தனை அழுத்தி 100 லிட்டர் உள்ளே விட்டால் நல்ல தண்ணீர் 40 லிட்டர்தான் வரும். மீதி இன்னும் கெட்டியான உப்பாகக் கடலுக்கே திரும்பும். ஹை பிரஷர் பம்ப் ஒரு நிமிஷம் நின்றாலும் தண்ணீர் இல்லை. பம்ப் ஓட கரண்ட் வேண்டும். தீவில் கரண்ட் என்றால் டீசல் ஜெனரேட்டர். டீசல் படகில் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு வராது. ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பின்னால் இத்தனை கண்ணி. இதில் எது அறுந்தாலும் குழாய் காய்ந்துபோகும்.

ஒரு வருஷம் பங்குனி சித்திரை மாதங்களில், வெயில் கொளுத்தும்போது, பம்பின் சீல் போய்விட்டது. கையகலச் சாமான்தான். அது மாலேக்கே வெளிநாட்டிலிருந்து வந்து, அங்கிருந்து படகேறி எங்களுக்கு வரவேண்டும். சாமான் அனுப்ப வேண்டியவர்கள் போனை எடுத்து "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் கூட இருந்த வங்காளதேசத்துப் பையனும் பிளான்ட் ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஊர் கொதித்தெழும், நம்மைத்தான் வந்து பிடிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் வரவில்லை.

காரணம் ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அந்த வீட்டம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். பிளான்ட் தண்ணீரைத் துணி துவைக்க, குளிக்க, சோறு வடிக்க எல்லாம் வைத்துக்கொள்வார். குடிப்பதற்கும் டீ போடுவதற்கும் மட்டும் மழைத் தண்ணீர்தான். தென்மேற்கு மழை தொடங்கும் சமயம் மகனை ஏணியில் ஏற்றித் தகரக் கூரையைத் தேய்த்துக் கழுவச் சொல்வார். வடிகால் தகரத்தில் கிடக்கும் இலை தழை, பல்லி முட்டை வரைக்கும் விரலை விட்டு வழித்தெடுப்பார். முதல் மழையில் தொட்டிக்குப் போகும் குழாயின் எல்போவை, அதாவது வளைவுத் துண்டை, கழற்றி வைத்துவிடுவார். அந்தத் தண்ணீர் தரையில் போகும். இரண்டாவது மழைக்குத்தான் எல்போவை மாட்டி, தொட்டி வாயில் வெள்ளைத் துணியைக் கட்டுவார். மழைக்காலம் முடிந்ததும் தொட்டிக் குழாயில் ஒரு பூட்டு! சாவி அவர் இடுப்பில். தினம் ஒரு வேளை திறப்பார், அளந்து பிடிப்பார், பூட்டுவார். அந்தத் தீவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதைதான். மெஷின் வந்த பிறகும் அவர்கள் தொட்டியை விடவில்லை. அதனால்தான் சீல் வரும்வரை ஊர் தாக்குப்பிடித்தது. மொத்தமாக வற்றிவிட்ட சில தீவுகளுக்கு அரசாங்கம் படகில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் கோடையில் அங்கே அது நடக்கும் காரியம்.

இதே நாட்டின் தலைநகரில் நடந்ததையும் பாருங்கள். 2014 டிசம்பர் 4-ஆம் தேதி மாலேயில் தண்ணீர் நிறுவனத்தின் பிளான்ட்டில் தீப்பிடித்தது. ஜெனரேட்டர் பகுதி கேபிள்கள் எரிந்து உற்பத்தி நின்றது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒரே இரவில் குழாய் நின்றுபோனது. மாலேயில் குடியிருப்பெல்லாம் அடுக்குமாடி. தனித்தனி மழைத்தொட்டி எங்கே வைப்பது? கிணற்று நீர் என்றைக்கோ கெட்டுவிட்டது. ஆக இரண்டாவது வழி என்று ஒன்று இல்லவே இல்லை. கடையில் பாட்டில் தண்ணீருக்கு அடிதடி நடந்ததாக அங்கே வேலை பார்த்த நம்மூர்ப் பையன்கள் போனில் சொன்னார்கள். மறுநாளே இந்திய விமானப்படை விமானங்கள் தண்ணீரோடு போய் இறங்கின. எங்கிருந்து போனது தெரியுமா? நம் அரக்கோணம் தளத்திலிருந்து. சில நாளுக்குள் 300 டன்னுக்கு மேல் தண்ணீர் ஆகாயத்திலேயே போயிற்று. சுகன்யா, தீபக் என்று இரண்டு கடற்படைக் கப்பல்களும் போயின. சுகன்யா கப்பலில் ஆர்.ஓ. பிளான்ட் இருந்ததால் துறைமுகத்தில் நின்றபடியே தண்ணீர் தயாரித்துக் கொடுத்தது. இலங்கையும் சீனாவும் உதவின. இந்த வேலைக்கு இந்தியா வைத்த பெயர் ஆபரேஷன் நீர்.

தமிழ்நாட்டிலேயே தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் நாம். நம்மிடமிருந்து இன்னொரு நாட்டுக்கு விமானத்தில் தண்ணீர் போனதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. சிரிப்பு அத்தோடு முடியவில்லை. 2024 மார்ச்சில் சீனா திபெத்துப் பனிமலைத் தண்ணீர் 1,500 டன்னை மாலத்தீவுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. திபெத்து ஐஸ் உருகி, கப்பலேறி, பூமத்திய ரேகைப் பக்கம் போய் இறங்குகிறது. அரசியலை விட்டுவிடுவோம். சொந்தமாகத் தண்ணீர் இல்லாத ஊரின் குடத்தை யார் யாரோ வந்து நிரப்புவார்கள் என்பதற்குக் கண்கூடான சாட்சி இது.

நல்லதும் நடக்கிறது, மறைக்கக் கூடாது. இந்தியா கொடுத்த கடனில் 28 தீவுகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் போட்டு 2024 ஆகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் போய்த் தொடங்கிவைத்தார். லட்சத்தீவில் இன்னொரு முறை ஓடுகிறது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் கடல் தண்ணீரையும், 350 மீட்டருக்குக் கீழே இருந்து இழுக்கும் ஜில்லென்ற தண்ணீரையும் வைத்து, ஆவியாக்கிக் குளிரவைத்துக் குடிநீர் எடுக்கிறார்கள். மெம்பரேனும் வேண்டாம், 60 பாரும் வேண்டாம். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2005-இல் கவரத்தியில் நிறுவினார்கள், நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். ஆபரேட்டர் என்ற முறையில் எனக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் இதிலும் பம்ப் உண்டு, கரண்ட் உண்டு, கடலுக்குள் இறங்கும் நீளக் குழாய் உண்டு. நின்றால் நின்றதுதான்.

சரி, இதற்கும் எங்கள் சேந்து கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தத் தம்பி கேட்பார். சொல்கிறேன்.

எங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் ஆற்றுத் தண்ணீர் பல மைல் தூரம் குழாயில் ஓடி, வழியில் பம்ப் ஆகி, மேல்நிலைத் தொட்டி ஏறி வருகிறது. ரோடு அகலப்படுத்துகிறோம் என்று பொக்லைன் வைத்துத் தோண்டும்போது ஒரு தடவை மெயின் குழாய் உடைந்தது. யார் தோண்டினார்கள், யார் ஒட்டவேண்டும் என்று இரண்டு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் 20 லிட்டர் கேனுக்கு அலைந்தோம். குடிக்கக் கேன், சரி. மாட்டுக்கு? எருமை ஒன்று நாளைக்கு எத்தனை குடம் குடிக்கும் என்று கேன் வியாபாரிக்குத் தெரியாது. அந்த நாட்களில் மாட்டுக்கும், குளிக்கவும், பாத்திரம் கழுவவும் கைகொடுத்தது எது? பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அதே கிணறுதான். சப்பைத் தண்ணீர், லேசாக உப்புக் கரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். என் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன், 1,400 சொச்சம் காட்டியது. இந்தியத் தர அளவுப்படி குடிநீருக்கு 500 இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை விடலாம். நைட்ரேட், புளோரைடு, கிருமிகள் பார்க்காமல் குடிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன், மீட்டர் அதையெல்லாம் காட்டாது. ஆனால் ஒரு ஊரின் மாடும் மனிதரும் குளித்துத் துவைத்து நாலு நாள் தள்ள இது போதும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போனதே, நினைவிருக்கிறதா? சிறுவாணித் தண்ணீரின் ருசி வேறெதற்கும் வராது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் கோயம்புத்தூர்க்காரர்கள் அந்த வருஷம் எதைக் குடித்தார்கள்? பவானி ஆற்றுப் பில்லூர்த் தண்ணீர் இன்னொரு வழியில் வந்துகொண்டிருந்ததால்தான் நகரம் ஓடியது. சிறுவாணி மட்டும்தான் என்று இருந்திருந்தால் மாலே கதிதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு எங்கள் அப்பாரு காலத்திலிருந்து போராடினார்கள். 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி தொடங்கிவைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி.யை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது திட்டம். செலவு 1,900 கோடிக்கு மேல். எதற்கு? நிலத்தடி நீர் ஏறட்டும், கிணறு ஊறட்டும் என்றுதானே? ஒரு கையால் இத்தனை கோடி செலவழித்துக் குட்டையை நிரப்பிக் கிணற்றை ஊறவைப்பது, இன்னொரு கையால் ஊறும் கிணற்றில் மண்ணைக் கொட்டுவது. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. குட்டையில் தண்ணீர் ஏறினால் கிணற்றில் டி.டி.எஸ். இறங்குகிறதா என்று பார்க்கவாவது கிணறு இருக்கவேண்டாமா?

மூடவேண்டும் என்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. திறந்த கிணறு ஆபத்து. குழந்தை விழும், ஆடு விழும், குப்பை கொட்டுவார்கள், கொசு அடையும். உண்மைதான். அதற்கு மருந்து மூடுவதா? கைப்பிடிச் சுவரை இடுப்பளவுக்கு உயர்த்தி, மேலே கம்பி வலைக் கிராதி போட்டு, பூட்டிவிடலாம். வருஷம் ஒரு தடவை தூர் வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, சும்மா கிடக்காமல் வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் இறைக்கவேண்டும். ஒரு சின்ன மோட்டாரும் மாட்டுத் தொட்டியும் வைத்தால் இன்னும் நல்லது. இதற்கு நானே ஒரு எஸ்டிமேட் போட்டு வைத்திருக்கிறேன். நிழற்கூடத்துக்கு அவர்கள் சொல்லும் தொகையில் பாதிகூட வரவில்லை. நிழற்கூடம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புறம்போக்கு இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

மழைநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்றைக்குப் போட்ட பி.வி.சி. குழாய்கள் இன்றைக்குப் பாதி வீட்டில் அந்தரத்தில் தொங்குகின்றன; அதில் குருவி கூடு கட்டியிருக்கிறது. எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு நாற்பதுக்கு அறுபது அடி தகரக் கூரை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். கூரை 220 சதுர மீட்டர் சொச்சம் வருகிறது. எங்கள் பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்தாலும், வீணாவது போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். இப்போது அத்தனையும் சாக்கடையில் போகிறது. சேந்து கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு வடிகட்டித் தொட்டி கட்டி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு மீதியைக் கிணற்றில் இறக்கினால், இரண்டு மூன்று வருஷத்தில் சப்பை குறையும் என்பது என் அனுபவம் சொல்லும் கணிப்பு. மாலத்தீவின் வடக்குத் தீவுகளில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மழை. அவர்களே பூட்டுப் போட்டு அளந்து குடிக்கிறார்கள்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இதுதான். பொதுக் கிணறு எதையும் கிராம சபைத் தீர்மானம் மட்டும் வைத்து மூட விடாதீர்கள். முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். கோடையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கிணற்றுச் சுவரிலேயே பெயின்ட்டில் குறியுங்கள். அத்திக்கடவுத் தண்ணீர் போகும் குட்டைகளைச் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளையாவது கணக்கெடுத்து, எது உயிரோடு இருக்கிறது, எது குப்பைக்குழி ஆகிவிட்டது என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

எங்கள் ஊரில் அடுத்த கிராம சபை மே 1-ஆம் தேதி. முடிந்தால் அதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பிரசுரியுங்கள். எஸ்டிமேட் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் கம்பி வலையின் விலை திருப்பூர்க் கடையில் நேற்றுக் கேட்டது.

இப்படிக்கு,
ஆர்.ஓ. பிளான்ட் ஆபரேட்டர் ஒருவர்,
ஊத்துக்குளி வட்டம், திருப்பூர் மாவட்டம்.